ஆற்றோடு போன கச்சேரி

ஆவணி மாதத்து நடு மத்தியானம். பெரிய மனிதர் ஒருவர் தெருவில் வந்துகொண்டிருந்தார். காதில் கடுக்கன், தோளில் ஜரிகைத் துண்டு, காலில் புதுச் செருப்பு. ஒரு நீளமான கட்டடத்தின் முன்னால் வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். துண்டை இறக்கி இடுப்பில் கட்டினார். தலையைக் குனிந்து, சுடுமணலில் கால் மாற்றி மாற்றி வைத்து, கட்டடத்தின் நீளம் முழுவதையும் தாண்டினார். தாண்டியதும் செருப்பைப் போட்டு, துண்டைத் தோளில் ஏற்றி, மறுபடியும் பெரிய மனிதர் ஆனார்.

கட்டடத்துக்குள்ளே இருந்து ஒரு வெள்ளாடு எட்டிப் பார்த்தது.

நான் எதிரே புளியமரத்தடியில் கட்டுச்சோறு தின்றுகொண்டிருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"உள்ள யாரு இருக்கா அண்ணாச்சி?"

"யாருமில்ல."

"பின்ன எதுக்குச் செருப்பக் கழத்துனீக?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கச்சேரில்லா," என்றார்.

"கச்சேரி போயி நாலு வருசம் ஆச்சுன்னாகளே."

"போனா? திரும்பி வராதா? வரும்போது மருவாத தெரியாத ஊருன்னு எழுதிட்டான்னா என்னவே செய்ய?"

"அப்ப அந்த ஆட்டுக்கு மருவாத தெரியாதா?"

"அது நம்ம ஆடுதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் பெயர் சங்கரலிங்கம் பிள்ளை. ஊரில் பாதி நஞ்சை அவருடையது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பேரன்மார்கள் பத்திரிகை ஆபீசுக்குச் சண்டைக்கு வருவார்கள். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் என்பது போதும்.

அதிகாரம் ரயிலேறிய கதை

கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி என்று நினைக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அன்று தாசில்தார் உட்காருகிற ஆபீசுக்கு அதுதான் பெயர். இந்த ஊரில் இருந்தது டிப்டி தாசில்தார் கச்சேரி. கூடவே கஜானா அறை, ரிக்கார்டு அறை, நாலு கைதிகளை அடைக்க ஒரு கொட்டடி.

ரயில் வந்தது. ஊருக்குள் வராமல் நாலு மைல் தள்ளிப் போனது. டிப்டி தாசில்தாருக்கு வண்டி மாடு பிடிக்காது, ரயில் பிடிக்கும். ஒரு நாள் காகிதக் கட்டுகளை எல்லாம் பதினோரு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் ஊருக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே வக்கீல்கள் போனார்கள். வக்கீல்கள் பின்னால் மனு எழுதுகிறவர்கள். அவர்கள் பின்னால் ஸ்டாம்பு விற்கிறவர். அவர்களுக்குச் சோறு போட்ட கிளப்காரர் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுக் கிளம்பினார். கிளப்பின் எச்சில் இலையை நம்பியிருந்த நாய்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தாங்களும் நாலு மைல் நடந்து மாற்றலாகிப் போயின. இதை நான் கட்டிச் சொல்லவில்லை. அந்தப் புது ஊரில் அதே செவலை நாயைப் பின்னால் நானே பார்த்தேன்.

மிச்சம் இருந்தது விவசாயம் செய்கிறவர்களும், கச்சேரி திரும்பி வரும் என்று நம்புகிறவர்களும். வருஷம் தவறாமல் ஒரு விண்ணப்பம் போகும். பிள்ளைவாள்தான் முதல் கையெழுத்து.

மாட்டுக் கொட்டகைப் பள்ளிக்கூடம்

நான் அங்கே போனது என் அக்காவுக்காக. ஞானப்பூ அக்கா என்னை விடப் பத்து வயது மூத்தவள். பாளையங்கோட்டையில் படித்து, இளவயதில் புருஷனைப் பறிகொடுத்து, இந்த ஊரில் வந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் மராமத்து இலாகாவில் தற்காலிக ஓவர்சியர். தற்காலிகம் என்றால், மேலே ஒருவருக்கு வயிறு சரியில்லாத நாளில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூடம் நடந்தது பிள்ளைவாளின் மாட்டுக் கொட்டகையில். கோடையில் எருமைகள் தோப்பில் கிடக்கும், கொட்டகை காலி. இனி ஐப்பசி மழைக்கு எருமைகள் உள்ளே வந்தாக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"ஏலே, மழைக்கு ரெண்டு மாசம் பள்ளிக்கூடத்த மூடுனா என்ன ஆகும் தெரியுமா?" என்றாள் அக்கா. "போன வருசம் மூடுனேன். பத்தொம்பது பிள்ளைகள்ல எட்டுதான் தையில திரும்பி வந்துச்சு. மத்ததெல்லாம் தொட்டில் ஆட்டுது, இல்லன்னா தாலி கட்டிப் போயிட்டு. இப்ப நாயா அலைஞ்சு முப்பத்தொண்ணு சேத்து வச்சிருக்கேன். இந்த வருசமும் மூடுனா அம்புட்டுதான். பொறவு ஒருத்தரும் அனுப்ப மாட்டாக."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அந்தக் கச்சேரி சும்மாதான கெடக்கு. சுவரு நிக்குமா, கூரை தாங்குமான்னு பாத்துச் சொல்லு. நிக்கும்னா நான் சர்க்காருக்கு எழுதிக் கேக்கேன்."

நல்லெண்ணத்தில் சர்க்காருக்கு எழுதலாம் என்று நம்பிய கடைசி மனுஷி அவள்.

ஆள் போன கட்டடம் எப்படிச் சாகும்

இந்தப் பத்திரிகையில் சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "ஐயாவின் எழுத்தில் கோபம் அதிகம், சிறிது தொழில் அறிவும் தரலாமே" என்று கடிதம் போட்டிருக்கிறார். தருகிறேன்.

ஆள் இருக்கிற வீட்டைத் தூணும் சுவரும் மட்டும் தாங்குவதில்லை. அடுப்புப் புகையும் விளக்குமாறும் சேர்ந்துதான் தாங்குகின்றன. புகை நின்றதும் கரையான் வருகிறது. விளக்குமாறு நின்றதும் மேலே மொட்டைமாடியில், மட்டப்பாவில், சருகு சேர்கிறது. சருகு போய்த் தண்ணீர் விழும் தூம்பை அடைக்கிறது. அடுத்த மழைக்கு மேலே குளம் கட்டுகிறது. சாவித் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டுகிறது. இரண்டாம் வருஷம் வௌவால். மூன்றாம் வருஷம் காக்கை எச்சத்தில் இருந்து அரசங்கன்று. அதன் வேர் சுவருக்குள் விரலை விட்டு, காரையைப் பைய நெம்பித் தள்ளும். அதற்குப் பிறகு கட்டடம் காடுதான்.

இது இயற்கை செய்வது. இதற்குப் பதினைந்து இருபது வருஷம் ஆகும்.

உள்ளே போய்ப் பார்த்தேன். வாசல் கதவு இல்லை. ரிக்கார்டு அறைக் கதவு இல்லை. ஜன்னல்களில் பாதி இல்லை. தாசில்தார் உட்கார்ந்த மேடையின் தேக்குப் பலகைகள் இல்லை. கொட்டடியின் இரும்புக் கம்பிக் கதவு, அதுவும் இல்லை. அதை வௌவால் தூக்கிக்கொண்டு போகாது.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது. யாரும் மறைக்கவே இல்லை. வாசல் கதவு செட்டியார் கடையில். ஜன்னல்கள் நாலு வீட்டில். தேக்கு மேடை ஒரு வீட்டில் கல்யாணக் கட்டிலாகி, அதில் இரண்டு பிள்ளைகளும் பிறந்தாயிற்று. கொட்டடிக் கதவு சங்கரலிங்கம் பிள்ளையின் நெல் அறையில்.

"என்ன அண்ணாச்சி இது?"

"பத்திரமா வச்சிருக்கேன்," என்றார், கொஞ்சமும் கூசாமல். "கள்ளப் பயலுவ கொண்டு போயிட்டா? கச்சேரி வரும்போது கொண்டு மாட்டிருவோம்."

எல்லோரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். பத்திரம். ஊரே சேர்ந்து ஒரு கட்டடத்தைப் பத்திரப்படுத்தியே எலும்பாக்கியிருந்தது.

நான் திட்டுகிறேன், ஆனால் என் வீட்டையும் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டைக் கோட்டையை இடித்த காலத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரோ ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பீரங்கிக்கு அசையக் கூடாதென்று வைத்த கல். எனக்கு விவரம் தெரிந்த நாளில் அதில்தான் என் கோவணத்தை அடித்துத் துவைத்தார்கள். கோட்டையில் ஆள் இல்லை என்றால் கல்லுக்குக் கால் முளைக்கும். எங்கேயும் அப்படித்தான்.

கைதிக்குப் போன பாவம்

கதவு போனது போகட்டும். சுவர் நல்ல சுவர். உத்திரத்தில் கரையான் இன்னும் ஏறவில்லை. ஆபத்து ஒன்றே ஒன்றுதான். மேற்குக் கைப்பிடிச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் அரசமரம். அதன் வேர் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இறங்கியிருந்தது. இந்த மழைக்கு விட்டால் அந்த மூலை பிளக்கும்.

நாலு வருஷமாக ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டேன். பிள்ளைவாள் காதைப் பொத்தாத குறைதான்.

"அரச மரத்தப் பிடுங்கவா? நல்லாச் சொன்னீரு."

"கச்சேரி இருந்தப்ப முளைக்கலையா?"

"முளைக்காம என்ன? மாசாமாசம் முளைக்கும். கொட்டடியில உள்ள கைதிய மேல ஏத்திப் பிடுங்கச் சொல்லுவாக."

"கைதிக்குப் பாவம் இல்லையா?"

"அவன் ஏற்கெனவே பாவம் செஞ்சுட்டுத்தானே வே உள்ள வந்திருக்கான். அதோட இது ஒண்ணு. பிடுங்கச் சொன்ன பாவம் சர்க்காருக்கு. ஊருக்கு ஒண்ணும் கெடையாது."

இவ்வளவு சுத்தமாகப் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். சர்க்கார் போனதும் கைதி போனான். கைதி போனதும் பாவத்தைச் சுமக்க ஊரில் ஆள் இல்லை. மரம் வளர்ந்தது. பிள்ளை வரம் கேட்ட யாரோ மஞ்சள் கயிறும் கட்டிவிட்டார்கள். கருப்பட்டி வாங்க வந்த காயல்பட்டினத்து முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம், மரத்தைப் பிடுங்கித் தரும்படி கேட்டுப் பார்த்தார்களாம். அவர், "கருப்பட்டிக்கு வந்தவன இந்த வம்புல ஏன் இழுக்கீக?" என்று சரக்கைக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார்.

பிள்ளைவாள் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "நீரு வேதக்காரரு. உமக்கு அது வெறும் மரம். நாளைக் கழிச்சு நாங்க எல்லாரும் நாங்குநேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறோம். நீரு பைய ஏறி..."

கிறிஸ்தவனை அங்கே வேதக்காரன் என்பார்கள். எனக்குச் சுரீர் என்றது. "கைதி இல்லன்னா வேதக்காரனா? உங்க பாவத்த ஏத்துறதுக்கு நான் என்ன பொதி மாடா?"

"கோவப்படாதியும். கச்சேரி நல்லாருக்கணும்னுதான் சொல்லுதேன்."

"நல்லாருக்கணும்னா எங்க அக்காகிட்டக் கொடுங்க. தெனம் தூத்துப் பெருக்குவா."

"அது முடியாது." முகம் கல்லாகிவிட்டது. "எடம் காலியா இருந்தாத்தான் கச்சேரி திரும்பி வரும். பொம்பளப் பிள்ளைகள உக்கார வச்சிட்டா, இவனுகளுக்குக் கச்சேரி வேண்டாம்னு சர்க்கார்ல நெனச்சிருவாங்க."

ரயில் பெட்டியில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, நாலு வருஷமாக ஒரு கட்டடத்தைப் போட்டு அதிகாரத்துக்கு இடம் பிடித்து வைத்திருந்தார் அந்த மனிதர்.

ஏட்டில் வந்த வெள்ளம்

மறுநாள் நாலு மைல் நடந்து ஸ்டேஷன் ஊருக்குப் போனேன். கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் மனுவைக் கொடுத்தேன். வாசித்தார். எழுந்து போய் ஒரு தடித்த ஏட்டைக் கொண்டு வந்து, எச்சில் தொடாத விரலால் புரட்டி ஓர் இடத்தைக் காட்டினார்.

ஆற்று வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. கணக்கில் இருந்து நீக்கப்பட்டது.

"எந்த வெள்ளம்?" என்றேன். அதில் போட்டிருந்த வருஷம் ஆற்றில் எருமை படுக்கத் தண்ணீர் இல்லை.

"எதோ ஒரு வெள்ளம். வருசா வருசம் அந்தக் கட்டடம் எப்படி இருக்குன்னு மேல இருந்து கேப்பாக. பாத்து எழுதணும்னா வெயில்ல நாலு மைல் போவணும், நாலு மைல் வரணும். எனக்கு முன்னால இருந்த மனுசன் ஒரே தடவையில முடிச்சிட்டாரு. அதுக்குப் பொறவு கேள்வி இல்ல."

"நேத்து மத்தியானம் அது முன்னாலதான் சோறு தின்னேன். நிக்குது."

"நிக்கட்டும்."

"நிக்குதுன்னு எழுதித் தாரேன். வாங்கிக்கிடுங்க."

அவர் வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு, எனக்காக வருத்தப்படுகிறவர் போலப் பார்த்தார். "எழுதித் தாரும். இடிஞ்சது எப்படி எந்திரிச்சதுன்னு மேல கேப்பான். அதுக்கு ஒரே வழிதான். ஆள விட்டு இடிச்சு, கல்லையும் மரத்தையும் ஏலம் போட்டாத்தான் அந்த எழுத்தும் நேராகும், உம்ம எழுத்தும் நேராகும். தை பொறக்கதுக்குள்ள இடிச்சிரலாம். நீரு தற்காலிகம்தான?"

அன்று நாலு மைலும் நான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த கட்டை வண்டிக்காரன் வண்டியை வயலுக்குள் இறக்கி எனக்கு வழி விட்டான்.

அக்கா போட்ட கணக்கு

அக்கா முழுவதையும் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"சிரிக்காத. நாளைக்கே நான் உண்மைய எழுதிப் போடப் போறேன்."

"எழுது. இடிப்பாக. நீ யோக்கியன்னு பேரு வாங்கிரலாம். முப்பத்தொரு பிள்ளைகளும் வீட்டுக்குப் போகட்டும்."

நான் நோட்டுப் புத்தகத்தை மடக்கி ஓரமாக வைத்தேன்.

"இருக்கிற கட்டடம்னா அனுமதி கேக்கணும். இல்லாத கட்டடத்துக்கு யாருகிட்ட லே கேக்கணும்?"

"பொய்க்கு நான் கூட்டு இல்ல."

"பொய் நீயா எழுதின? உன்னய யாராவது அறிக்கை கேட்டாகளா? நீ எனக்குத் தம்பியா வந்த. தம்பியாவே இரு."

அன்று சாயங்காலம் இருவரும் பிள்ளைவாள் வீட்டுக்குப் போனோம். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று அக்கா வழியெல்லாம் எச்சரித்தாள். நான் வாசலிலேயே, "கச்சேரி இனிமே வராது அண்ணாச்சி. அது ஆத்தோட போயிட்டுன்னு எழுதி வச்சிருக்கான்," என்றேன்.

மனிதர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நாற்காலியில் உட்கார்ந்து, ஜரிகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் போட்ட விண்ணப்பம்?"

"ஆத்தோட போன கட்டடத்துக்கு ஆபீச அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கீக. கிறுக்கன்னு நெனச்சிருப்பான்."

அக்கா என் காலை மிதித்தாள். பிள்ளைவாள் ஜரிகைத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் அவர் மீது எனக்கு இரக்கம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எப்போதாவது எனக்கு அது வரும்.

பிறகு அக்கா மெல்ல ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, ஒரு யோசனைதான். கட்டடம் வெள்ளத்துல போயிட்டுன்னு ஏட்டுல இருக்கு. அதோட கதவு மட்டும் உங்க நெல் அறையில இருக்கு. நாளைக்கு எவனாவது வந்து கேட்டான்னா?"

"நான் பத்திரமால்லா..."

"எனக்குத் தெரியும். தம்பி நோட்டுலதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கான். எந்த வீட்டுல எந்தச் சாமான்னு. இவன் ஒரு முரட்டுப் பய. நான் சொன்னாக் கேக்க மாட்டான்."

நான் முறைத்துக்கொண்டு நின்றேன். அது எனக்குச் சுலபம்.

"அந்தந்தச் சாமான் இருந்த எடத்துக்கே போயிட்டா, எழுத என்ன இருக்கு?" என்றாள் அக்கா. "உங்க எருமையும் ஐப்பசிக்குக் கொட்டகைக்கு வந்துரலாம்."

மூன்றே நாள். பட்டப்பகலில் தலைச்சுமையாக எல்லாம் வந்து சேர்ந்தது. ஜன்னல் வந்தது. செட்டியார் வாசல் கதவைக் கொண்டுவந்து தாமே கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார். கட்டிலான மேடை மட்டும் வரவில்லை. அந்த வீட்டில் மூன்றாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது, கேட்க எங்களுக்கே மனம் வரவில்லை. கொட்டடிக் கம்பிக் கதவை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அக்கா வேண்டாம் என்றாள்.

"நெல்லுக்கே இருக்கட்டும் அண்ணாச்சி. பிள்ளைகளப் பூட்டி வைக்கவா பள்ளிக்கூடம் நடத்துதேன்?"

மரத்தையும் அவள்தான் தீர்த்தாள். வெட்ட வேண்டாம், குடி மாற்றலாம் என்றாள். வேரோடு எடுத்து ஆற்றங்கரையில் நட்டால் யாருக்கும் பாவம் இல்லை, புண்ணியமே உண்டு என்றதும், நாங்குநேரிக் கல்யாணம் ரத்தாகி ஊரே வந்துவிட்டது. மேலே ஏறி வேரை நெம்பியது நான். கீழே வேட்டியை விரித்துத் தாங்கியது பிள்ளைவாள். குழி அவரே வெட்டினார். சுவரில் இருந்த பிளவைச் சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அரைத்த சாந்தால் அடைத்தேன். ஒரு ஆள் வேலையை இருபது பேர் கீழே நின்று சொல்லிக்கொடுத்தார்கள்.

ஐப்பசி

மழை ஒரு திங்கட்கிழமை காலையில் பிடித்தது. ஆற்றுக்கு அக்கரை தெரியவில்லை. நான் மேற்கு மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாந்து இன்னும் முழுதாக இறுகவில்லை.

பிள்ளைகள் சாக்கைக் கொங்காணி போட்டுத் தலையை மூடிக்கொண்டு ஒவ்வொருத்தியாக ஓடிவந்தார்கள். பத்து மணிக்கு ஏழு இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. ஒழுகுகிற இடத்தில் எல்லாம் சட்டியை வைத்தோம். ஏழு சட்டியும் ஏழு விதமாகச் சத்தம் போட்டன. பிள்ளைகள் சிலேட்டைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு சட்டிக்கும் சட்டிக்கும் நடுவே நெருங்கி உட்கார்ந்தார்கள்.

நான் அக்காவிடம் ஓடினேன். "யக்கா, இன்னைக்கு அனுப்பிரு. மழை விட்டதும் வரட்டும்."

"மழை எப்ப விடும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. சுவரு நிக்குமா, நிக்காதா?"

மூலைக்குப் போனேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஈரம் வேர் இருந்த இடத்தில் நின்றிருந்தது, கீழே இறங்கவில்லை. கட்டைவிரலால் சாந்தை அழுத்தினேன். அமுங்கவில்லை.

"நிக்கும்."

"அப்ப வாய மூடிட்டு அந்தச் சட்டிய எடுத்து வெளிய ஊத்து. நெறைஞ்சிட்டு."

ஊற்றினேன். நான் திரும்பி வருவதற்குள் வாய்ப்பாடு ஆரம்பமாகிவிட்டது. மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மழை நாலு நாள் விடவில்லை. நாலு நாளும் அக்கா ஆஜர் எடுத்தாள். நாலு நாளும் முப்பத்தொரு குரல்.